கோரையாறு முடியும் இடம் வரை

ஜனவரி 10, வெள்ளி – நாகூர்

அம்மா மௌத்தாகி எட்டு மாதம் ஆகிறது. அதற்கப்புறம் அத்தா வாசல் தாண்டிப் போனது பள்ளிவாசலுக்கும் ரேஷன் கடைக்கும்தான். அப்படிப்பட்டவர் போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, "நாகூருக்குப் போயிட்டு அப்படியே முத்துப்பேட்டை வரைக்கும் போகணும்" என்றார். முத்துப்பேட்டையில் எங்களுக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. எதற்கு என்று கேட்டேன், பதில் இல்லை. தம்பிக்கு விஷயம் தெரிந்ததும் போன் போட்டு, தர்காவுக்கெல்லாம் எதற்கு, அங்கே அடங்கியிருக்கும் அவ்லியாவிடம், அதாவது இறைநேசரிடம், கேட்கக் கூடாது என்று எத்தனை தடவை சொல்வது என்று ஆரம்பித்துவிட்டான். அத்தா நிதானமாக, "கேக்கப் போறேன்னு யாருடா சொன்னா? பாக்கப் போறேன்" என்று சொல்லிப் போனை என்னிடம் கொடுத்துவிட்டார்.

திருச்சியிலிருந்து காலை ரயில். நாகூரில் இறங்கும்போது வெயில் இல்லை, கடல் பக்கமிருந்து ஈரக் காற்று. தர்காவின் ஆண்டு விழாவான கந்தூரி முடிந்து ஒரு மாதம் ஆகிவிட்டதால் கூட்டம் குறைவு. ஐந்து மினாராக்களில் உயரமானதை அத்தா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்தது, 131 அடி. "ஒரு இந்து ராஜா கட்டுனது, அதுல பாங்கு சொல்றாங்க. இதை உன் தம்பிகிட்டச் சொல்லு" என்றார். அவனுக்கு அது தெரியும், அவன் பிரச்சினை வேறு. நான் வாயைத் திறக்கவில்லை.

ஜும்ஆவுக்கு முன் ஒளு செய்ய, அதாவது தொழுகைக்காகக் கை, முகம், கால் கழுவ, போன இடத்தில் அத்தாவின் பழைய வியாதி ஆரம்பித்தது. குழாயைத் திறந்துவிட்டு யாராவது கைச்சட்டையை மடித்துக்கொண்டிருந்தால் இவர் போய் மூடிவிடுவார். மூன்று பேருடைய குழாயை மூடினார். ஒரு இளைஞன் முறைத்தான். "ஓடுற ஆத்துல ஒளு செஞ்சாலும் அளவாச் செய்யணும் தம்பி" என்று இவர் சொல்ல, அவன் பாவம், சிரித்துவிட்டான். அத்தா முப்பது வருஷம் ஆற்று மதகில் பலகை ஏற்றி இறக்கும் வேலை பார்த்தவர், லஸ்கர் என்பார்கள். வீட்டிலும் ஒரு செம்புத் தண்ணீரில்தான் ஒளு. அதெல்லாம் அந்த வேலையில் வந்த பழக்கம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

தொழுதுவிட்டு வாடா சாப்பிடப் போனோம். அரிசி மாவில் வெங்காயமும் தேங்காயும் உள்ளே வைத்து, மேலே ஒரு இறாலைப் பதித்து எண்ணெயில் போடுவார்கள். ஒன்று 15 ரூபாய். நாங்கள் ராவுத்தர்கள், மார்க்கச் சட்டத்தில் ஹனஃபி பிரிவு. கடலோரத்துக்காரர்கள் ஷாஃபி பிரிவு. அவர்களுக்குக் கடலில் உள்ளது எல்லாம் தாராளம். அத்தாவுக்கு இறாலில் ஒரு சந்தேகம் உண்டு. மேலே இருந்த இறாலை மட்டும் நகத்தால் அழகாகப் பெயர்த்து என் இலையில் வைத்துவிட்டு வாடாவைச் சாப்பிட்டார். அந்த இறால் அரை நிமிஷத்துக்கு முன்னால் அதே மாவோடு ஒட்டிக்கொண்டு ஒரே எண்ணெயில் வெந்தது. சொல்லலாமா என்று யோசித்தேன். நான்கு வாடா, எனக்கு நான்கு இறால் கூடுதல், எதற்குக் கெடுப்பானேன்.

தர்கா வாசலில் கூண்டில் புறா வைத்திருந்தார் ஒருவர். ஒரு அம்மா காசு கொடுத்து வாங்கி, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துப் பறக்கவிட்டார். புறா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மினாராவில் போய் உட்கார்ந்தது. அங்கே ஏற்கெனவே நூறு உட்கார்ந்திருந்தன. "சாயங்காலம் தீனி போட்டா அதே கூண்டுக்கு வந்துரும்" என்றார் அத்தா. அந்த அம்மாவின் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாலைத் தொழுகையான அஸருக்குப் பாங்கு இங்கே நம் பள்ளியைவிட முக்கால் மணி நேரம் முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். இதுவும் ஷாஃபி கணக்கு. "நம்ம நேரம் வரட்டும்" என்று அத்தா தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். அப்படியே தூங்கியும் போனார். அப்புறம் தனியாகத் தொழுதோம்.

ஜனவரி 11, சனி – வேதாரண்யம்

நாகப்பட்டினத்தில் பஸ் மாறி வேதாரண்யம். வழியெல்லாம் தென்னந்தோப்புகளில் பாதி இளம் மரங்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரை கடந்தது இந்தப் பக்கம்தான். பக்கத்து சீட்டுக்காரர் இரண்டு கைகளையும் விரித்து, "இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் படுத்துருச்சு பாய், ஒரு மரம் நிக்கல" என்றார். தென்னை மறுபடி காய்க்க எத்தனை வருஷம் என்று கேட்டேன். "நட்டா ஆறேழு வருஷம். நட மனசு வரணுமே." மறுமை நாள் வந்துவிட்டாலும் கையில் உள்ள கன்றை நட்டுவிடு என்று ஒரு ஹதீஸ் உண்டு. ஜும்ஆ பயானில் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். இவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவர் முந்நூறு மரம் இழந்தவர், நான் மாடியில் இரண்டு ரோஜாத் தொட்டி வைத்திருப்பவன்.

மதியம் நல்ல பசி. பஸ் நின்ற ஒரு ஊரில் (பேர் வேண்டாம்) ஓலைக் கொட்டகைச் சாப்பாட்டுக் கடை. தொப்பியைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் குனிந்து மெல்லிய குரலில், "பாய், உள்ளான் வறுவல் இருக்கு. நம்ம ஆளு அறுத்ததுதான், ஹலால்" என்றார்.

உள்ளான் என்பது சேற்றில் மேயும் சின்னப் பறவை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நாக்கில் தண்ணீர் ஊறியது. சின்ன வயதில் பெரியம்மா வீட்டில் மிளகு போட்டு வறுத்துக் கொடுத்திருக்கிறார்கள், எலும்போடு மென்று தின்பது. அப்போது சட்டம் கிட்டம் எதுவும் தெரியாது. 1972லேயே வனவிலங்குச் சட்டம் வந்துவிட்டது, பெரியம்மாவின் அடுப்படிக்கு அது வந்து சேரவில்லை. நான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தா குறுக்கே, "ஒரு பிளேட்டுக்கு எத்தனை வைப்பீங்க?" என்று கேட்டார்.

"சின்னதா இருந்தா பத்து. பெருசுன்னா ஆறு."

"எனக்குச் சாம்பார் சாதம் போதும்."

வேறொன்றும் சொல்லவில்லை. எனக்கும் சாம்பார் சாதம்தான். பிஸ்மில்லா சொல்லி அறுத்தார்களா என்பது ஒன்றைத்தான் நாங்கள் எப்போதும் கேட்போம். எத்தனை என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. குர்ஆனில் உண்பதைப் பற்றிச் சொல்லும்போது ஹலால் என்ற சொல்லோடு தய்யிப் என்ற சொல்லும் சேர்ந்தே வருகிறது, ஆகுமானது, நல்லதும்கூட. அந்த இரண்டாவது சொல்லை நாங்கள் கறிக்கடை போர்டில் எழுதுவதில்லை.

சாம்பாரில் உப்பு அதிகம். உப்பு ஊரில் அப்படித்தான் இருக்கும் என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். இரண்டு சாப்பாடு 140.

சாயங்காலம் அகஸ்தியம்பள்ளி. 1930 ஏப்ரலில் ராஜாஜி நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய இடம், நினைவுத் தூண் இருக்கிறது. நாங்களும் திருச்சியிலிருந்துதான் வந்தோம், ரயிலிலும் பஸ்ஸிலும், அதற்கே முழங்கால் வலிக்கிறது. மழை முடிந்த நேரம் என்பதால் உப்பு இன்னும் விளையவில்லை. பாத்திகளில் சேற்றை மிதித்துச் சமன் செய்துகொண்டிருந்தார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையாக வானம்தான் தரையிலும் கிடந்தது.

அஸர் நேரம். ஒளுவுக்குத் தண்ணீர் கிடைக்குமா என்று சேறு மிதித்துக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம் கேட்டேன். வரப்பில் வைத்திருந்த ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்து நீட்டினார், முக்கால்வாசி இருந்தது. "குடிக்கிறதுக்கா? எடுத்துக்கங்கய்யா" என்றார். மணி நாலரை, அவர் வேலை முடிய இன்னும் நேரம் இருந்தது. சுற்றிலும் அத்தனை தண்ணீர், எல்லாம் சேறு, குடிக்க அது ஒன்றுதான். அத்தா பாட்டிலை வாங்கி, மூடியைத் திருகி இறுக்கித் திரும்ப அவர் கையிலேயே கொடுத்தார். அப்புறம் வரப்பின் காய்ந்த பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கைகளை மண்ணில் தட்டினார், உதறினார், முகத்தில் தடவினார், மறுபடி தட்டி முழங்கை வரை தடவினார். தயம்மும், தண்ணீருக்குப் பதில் மண்ணால் செய்வது. மதரஸாவில் படித்ததோடு சரி, அதற்கப்புறம் ஒருவர் அதைச் செய்து நான் நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. தாடியில் சாம்பல் நிறத்தில் மண் ஒட்டியிருந்தது. அந்த அக்கா, "மேற்கு இந்தப் பக்கங்கய்யா" என்று கை காட்டிவிட்டு, நாங்கள் தொழுது முடிக்கும்வரை எங்களுக்கு முன்னால் கடக்காமல் வரப்பைச் சுற்றிப் போய் வந்தார். யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

லாட்ஜ் 900 ரூபாய். கொசு இலவசம்.

ஜனவரி 12, ஞாயிறு – கோடியக்கரை

விடியும் முன்பே ஆட்டோ பிடித்தோம். பனி இறங்கி எதிரே எதுவும் தெரியவில்லை. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே ஓட்டினார். மான் எதுவும் நிற்காது என்று பார்த்தால், பனி விலகியதும் நிஜமாகவே நின்றது. வெளிமான், முறுக்கிய கொம்போடு ஒரு கிடா, மூன்று பெண் மான்கள். கஜா வந்தபோது நிறைய மான்கள் செத்துக் கரை ஒதுங்கின என்று டிரைவர் சொன்னார். கொஞ்சம் தள்ளிக் குதிரைகள் மேய்ந்தன. யாருடையவை என்று கேட்டேன். "யாருதும் இல்ல. எப்பவோ விட்டது, இப்ப காட்டோடது."

பூநாரைகள் தூரத்தில் ரோஜா நிறக் கோடாகத் தெரிந்தன, அவ்வளவுதான். கேமராக்காரர்கள் அதற்கே தவம் கிடந்தார்கள். எனக்கு அவற்றைவிடக் கால்மாட்டில் ஓடிய ஒன்றுதான் கண்ணில் நின்றது. தண்ணீர் வற்றிய சேற்றில் நூற்றுக்கணக்கில் சின்னச் சின்னப் பறவைகள், தையல் மிஷின் ஊசி மாதிரி அலகால் குத்திக்கொண்டே ஓடின. பக்கத்தில் பைனாகுலரோடு நின்ற ஒரு கல்லூரிப் பெண், "கொசு உள்ளான் அங்கிள். சைபீரியாப் பக்கமெல்லாம் முட்டையிட்டுட்டு இங்க வரும். எடை இருபத்தஞ்சு கிராம்தான் இருக்கும்" என்றாள். பைனாகுலரை எனக்கும் கொடுத்தாள், நான் கேட்காமலேயே. நெஞ்சு வெள்ளை, முதுகில் பழுப்புச் செதில், ஒரு நொடிகூட நிற்கவில்லை.

இருபத்தைந்து கிராம். ஒரு எலுமிச்சம்பழம்கூட இல்லை. அப்படிப் பத்து, நேற்று அந்தத் தட்டில். பூமியில் ஊரும் பிராணியும் இரு சிறகால் பறக்கும் பறவையும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்று அல் அன்ஆம் அத்தியாயத்தில் வரும். ரமளானில் தராவீஹில் வேகமாக ஓதிக்கொண்டு போகும்போது காதில் விழுந்து போய்விடும் வசனம். அத்தாவிடம் பைனாகுலரைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "காலையில வெறும் வயித்தோட போய் சாயங்காலம் நிறைஞ்ச வயித்தோட திரும்புதுன்னு ஹதீஸ்ல வருதே, இதுதான்" என்றார். உண்மைதான், ஆனால் அந்த ஹதீஸைச் சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பவர்கள் இந்தப் பறவை சேற்றைக் குத்துகிற வேகத்தைப் பார்த்ததில்லை.

இந்தக் காட்டை 1967இல் சரணாலயமாக அறிவித்தார்கள். பறவை ஆய்வாளர் சலீம் அலி இங்கே வந்து பறவைகளின் காலில் எண் பொறித்த வளையம் மாட்டும் வேலையைத் தொடங்கிவைத்தார். அவரும் ஒரு முஸ்லிம் வீட்டுப் பிள்ளைதான். சிறுவனாக இருந்தபோது சுட்ட ஒரு குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்ததைப் பார்த்து, இது என்ன குருவி என்று கேட்டுக்கொண்டு போனதில்தான் அவர் வாழ்க்கையே திரும்பியது. எங்கள் மதரஸாவில் இமாம்கள் பேரெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள், இவர் பேரை நான் எட்டாம் வகுப்புப் பொது அறிவுப் புத்தகத்தில்தான் பார்த்தேன்.

இதற்குள் ஒரு குரங்கு நாகூரில் அக்காவுக்காக வாங்கிய தம்ரூட் இனிப்பு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அரைக் கிலோ, 300 ரூபாய். மரத்தில் உட்கார்ந்து, மூடியைத் திறக்கத் தெரியாமல் கடித்துக் கடைசியில் திறந்தும்விட்டது. அத்தா இரண்டு மாதத்துக்கப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். அக்காவிடம் நீங்களே சொல்லுங்கள் என்றேன்.

மதியத் தொழுகையான லுஹருக்குக் கடலிலேயே ஒளு. கடல் நீரில் செய்யலாமா என்று கேட்டவர்களுக்கு, அதன் நீர் சுத்தமானது, அதில் செத்ததும் ஆகுமானது என்று பதில் சொன்னதாக ஹதீஸ். செய்யலாம்தான், ஆனால் வெயிலில் காய்ந்ததும் முகம் அப்பளம் மாதிரி ஆகிவிடும். பயணம் என்பதால் லுஹரும் சுருக்கி இரண்டு ரக்அத். அப்புறம் திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை. பஸ்ஸில் முழுக்கக் கரும்புக்கட்டு, பொங்கலுக்கு இன்னும் இரண்டே நாள். காலை வைக்க இடமில்லை. நின்றுகொண்டே வந்தோம். ஒரு பையன் அத்தாவுக்கு எழுந்து இடம் கொடுத்தான்.

ஜனவரி 13, திங்கள் – முத்துப்பேட்டை

தெருவெல்லாம் போகிப் புகை. படகை முழுதாகப் பிடித்தால் கட்டாது என்று நான்கு கல்லூரிப் பையன்களோடு சேர்ந்துகொண்டோம், தலைக்கு 300. கோரையாற்றில் கிளம்பி லகூன் வரை. முதலில் இரண்டு பக்கமும் சாதாரணக் கரை, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அலையாத்திக் காடு வந்து மூடிக்கொண்டது. சேற்றிலிருந்து மூச்சு வேர்கள் ஆயிரக்கணக்கில், பென்சிலை நட்டுவைத்த மாதிரி மேல்நோக்கி நின்றன. தில்லை மரத்தைத் தொடவேண்டாம், பால் கண்ணில் பட்டால் போச்சு என்றார் படகுக்காரர். கஜாவுக்கப்புறம் இந்தக் காடு ஒரு வருஷம் இலையில்லாமல் நின்றதாம், தீ வைத்த மாதிரி.

படகு அகலமான தண்ணீருக்கு வந்தபோது அத்தா, "கோரையாறு எங்க முடியுது?" என்று கேட்டார்.

"இதோ, இதுதான். இதுக்கு மேல கடல்."

அத்தா கையைத் தண்ணீரில் விட்டு, விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார். அப்புறம் ஒரு அலையாத்தி இலையைத் திருப்பி அடிப்பக்கத்தை நக்கினார். பையன்கள் சிரித்தார்கள். நானும் நக்கினேன், நல்ல உப்பு. கடல் உப்பை உறிஞ்சி இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிற மரம். இரண்டு கடல்களைச் சேரவிட்டான், ஒன்று இனிப்பு, ஒன்று உப்பும் கசப்பும், இடையில் ஒரு தடுப்பை வைத்தான் என்று அல்ஃபுர்கானில் வருவதைச் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே. படகுக்காரர் திரும்பி, "தடுப்பு எங்க பாய் இருக்கு? மேலேர்ந்து தண்ணி வந்தா உப்பு இங்க நிக்கும். வரலைன்னா ஊருக்குள்ள ஏறிரும். கிணறெல்லாம் போயிரும்" என்றார்.

அவருக்குத் தில்லைவிளாகம் பக்கம் மூன்று மா நிலம் இருந்ததாம். ஏன் விட்டுவிட்டீர்கள் என்று அத்தா கேட்டார். "கடைமடைங்கய்யா. தண்ணி வந்தா நெல்லு, வரலைன்னா வெயிலு. யாரைச் சொல்றது."

அத்தா அதற்கப்புறம் பேசவே இல்லை. வனத்துறை போட்டிருக்கும் மரப்பாலத்தில் எல்லோரும் இறங்கி நடந்தோம். பையன்கள் முன்னால் போய்விட்டார்கள். அத்தாவின் ஒரு செருப்பு சேற்றில் விழுந்தது. நான் குனிந்து எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து சொல்ல ஆரம்பித்தார், என் முகத்தைப் பார்க்காமல்.

"2002ஆ, 2003ஆ, மேட்டூர்த் தண்ணி நேரத்துக்கு வரல. முறை வச்சு விட்டோம். எங்க மதகுல அன்னிக்கி ராத்திரி கீழ போற முறை. ஒரு ஆளு வந்தாரு. அவரு வாய்க்காலுக்கு ரெண்டு மணி நேரம் பலகையைத் தூக்கச் சொன்னாரு. ஐந்நூறு ரூபா. தூக்கினேன்."

நான் செருப்பைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

"அந்தக் காசுல உங்க அம்மாவுக்குப் பெருநாளைக்குச் சேலை எடுத்தேன். பச்சைக் கலரு. அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா கட்டியிருக்க மாட்டா."

அந்தச் சேலை எனக்கு நினைவிருக்கிறது. அல்லாஹ் மன்னிப்பான் அத்தா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் திட்டியிருப்பார். அல்லாஹ்வுக்குச் செய்த குறையை அல்லாஹ் மன்னிப்பான், மனிதனுடைய ஹக்கை, அவனுக்குச் சேரவேண்டிய உரிமையை, அந்த மனிதன்தான் மன்னிக்கவேண்டும், இதை எனக்கு ஐந்து வயதில் சொல்லிக்கொடுத்ததே இவர்தான். அவரே தொடர்ந்தார். "ஆளைக் கண்டுபிடிக்க முடியலைன்னா அவங்க பேருல தர்மம் பண்ணுன்னு ஹஜ்ரத் சொன்னாரு. வருஷா வருஷம் பண்றேன். ஆனா தண்ணி எங்க வராமப் போச்சுன்னு ஒரு தடவையாவது வந்து பாக்கணும்ல."

செருப்பைப் போட்டுக்கொண்டார். படகுக்காரர் கூப்பிட்டார், நீர் இறங்குது, கிளம்பணும் என்று. கரைக்கு வந்ததும் அத்தா அவர் கையில் ஏதோ வைத்தார். அவர் வாங்க மறுத்தார், இவர் சட்டைப்பையில் திணித்தார். எவ்வளவு என்று நான் பார்க்கவில்லை.

மூன்று மணிக்கு மேல் பஸ். மன்னார்குடியில் அரை மணி நேரம் கூட்டத்தில் மாட்டி, கடைசியில் நீடாமங்கலம் சுற்றிப் போகிற பஸ்தான் கிடைத்தது. மஃரிப் தொழுகைக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. வெண்ணாறு மூன்றாகப் பிரிவது இந்தப் பக்கத்தில்தான், கோரையாறு புறப்படுவதும் இங்கேதான். பாலம் வந்ததும் அத்தா ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிவிட்டார். கண்டக்டர், "பெரியவரே, தலைய உள்ள எடுங்க" என்று கத்தினார்.

உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். "ரெண்டடி போகுது" என்றார்.